நஞ்சுக்கொடியின் தரப்பு

வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூடக் கூச்சப்படுகிற ஆள் நான். என்னை நஞ்சுக்கொடி என்பார்கள். ஒரு தையற்காரியின் வயிற்றில் குடியிருந்து, அவள் ரத்தத்திலிருந்து வேண்டியதை வாங்கிப் பிள்ளைக்கு ஊட்டுவதுதான் எனக்கு வேலை.

குடிவந்த முதல் மாதங்களிலேயே கருப்பைச் சுவருக்குள் ஆழமாக இறங்கி, அங்கிருக்கும் சுருள் சுருளான ரத்தக்குழாய்களை நான் அகலப்படுத்தியிருக்க வேண்டும். இறங்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பாதி அவள் கணவன் வழி ஆள். அவளுடைய காவல் அணுக்கள் என்னைச் சம்பந்தி வீட்டாரைப் பார்ப்பதுபோல் ஏற இறங்கப் பார்த்தன. எதற்கு வம்பு என்று மேலாகவே நிறுத்திக்கொண்டேன்.

ஐந்து மாதம் தாண்டியதும் பிள்ளைக்குப் பசி அதிகமானது. குழாய்களோ ஒல்லி. செய்த தப்பை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. அவள் உடம்பு ரத்தத்தை இன்னும் அழுத்தி அனுப்பட்டும் என்று அவள் ரத்தத்தில் ஒரு புரதத்தைக் கலந்துவிட்டேன். ரத்தக்குழாய்களின் உட்சுவரைப் பேணுகிற பொருளை அது பிடித்து முடக்கிவிடும். உடம்பெங்கும் குழாய்கள் இறுகின, ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிட்டது.

"மாசமா இருந்தா கால் வீங்கத்தான்டி செய்யும். ஒரு சைஸ் பெரிய செருப்பா வாங்கிக்கோ" என்றாள் அவள் அக்கா. கணவன் உப்பு டப்பாவை ஒளித்துவைத்தான். பாவம், உப்பு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எட்டாம் மாதம் ஒரு காலை, "தலை வெடிக்குதுக்கா, கண்ணுல பூச்சி பறக்குது" என்றவள் தையல் மெஷின்மேல் சரிந்தாள். கைகால் வெட்டி இழுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்போதும் நான் நிறுத்தவில்லை. பிள்ளைக்குப் பசித்துக்கொண்டிருந்ததே.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஊசி போட்டு வலிப்பை அடக்கினார். "உப்புமேல பழி போடாதீங்க. எல்லாம் நஞ்சுக்கொடி பண்ணின வேலை. பிள்ளையையும் அதையும் உடனே வெளிய எடுத்தாத்தான் ரெண்டு உயிரையும் காப்பாத்த முடியும்" என்றார் கணவனிடம்.

எடுத்தார்கள். இருவரும் பிழைத்தார்கள். என்னைத் தட்டில் போட்டுப் புரட்டிப் பார்த்தார்கள். மறைக்க ஒன்றுமில்லை, அவளைச் சாவின் வாசல்வரை கொண்டுபோனது நான்தான்.

பிள்ளை ஒன்றரைக் கிலோகூட இல்லை. "உள்ளயே பட்டினி கிடந்திருக்கு பாவம்" என்றாள் நர்ஸ். நன்றி கெட்ட பேச்சு. அந்த எடை அத்தனையும் நான் ஊட்டியதுதான்.