முதல் தலைமுறை ஐ-ஃபைவ்

காலை பத்து இருபதுக்கு, தியாகதுருகம் தாண்டியதும், இடஒதுக்கீட்டு மறியலில் எங்கள் பேருந்து நின்றது. முன் கண்ணாடியில் ஒரு கல் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. முன் இருக்கை விவசாயி, மடியில் ஒரு சின்ன அட்டைப்பெட்டியுடன், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

“கடைக்காரரு போன்ல எந்த ஜெனரேஷன்னு கேட்டாரு. முதல் தலைமுறைதாங்க, எங்க வூட்ல எம் பொண்ணுதான் மொதமொத காலேஜ் போவுதுன்னேன்.”

“அதுக்கு?”

“இத்தக் குடுத்தனுப்பிட்டாரு. கம்ப்யூட்டர் சிப்பு. எரிஞ்சுபோன பழசுலயும் ஐ-ஃபைவ்னுதான் போட்டிருக்கு, இதுலயும் ஐ-ஃபைவ்தான். ஆனா கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள உக்கார மாட்டேங்குது.”

“பேர ஒண்ணா வச்சிட்டு அளவ மாத்தினா இன்னா பண்றது. தாசில்தார் குடுத்த மொதல் பட்டதாரி சர்டிபிகேட்டக் காட்டிப் பாத்தீங்களா?”

“சிரிக்காதீங்க. நாலு மணிக்கு பொண்ணுக்கு ஆன்லைன் பரிச்சை. கள்ளக்குறிச்சி போய் மாத்தினாதான் உண்டு. பஸ்சு நின்னுபோச்சுன்னு அதுகிட்ட போன் பண்ணிச் சொல்லிட்டேன்.”

பதினொன்றரைக்கு, வயல் வழியாக மொபெட்டில் வந்த ஒரு பெண் அவர் ஜன்னலோரம் நிறுத்தினாள். காலடியில் கம்ப்யூட்டர் பெட்டி.

“எறங்கி வாங்கப்பா. கடையில பேசி, வேற எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். நம்ம பெட்டி நாலாவது ஜெனரேஷனாம். நாமதான் இன்னும் மொதல்லயே நிக்கிறோம்.”