டீம் லீட் பெயரில் போன வேலை

திருவான்மியூரிலிருந்து மயிலாப்பூர் பக்கம் போகும் பறக்கும் ரயில். எதிர் இருக்கையில் ஐ.டி. அடையாள அட்டை மாட்டிய இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்: "ரெண்டு வருஷமா நான் சும்மா உக்காந்திருந்தேனாம்டி."

"யாரு சொன்னா?"

"மேனேஜர். ஆள் குறைக்கிறாங்க. கோட் ஏத்தற கிட் பதிவுல யார் யார் பேர்ல எவ்வளவு இருக்குன்னு பார்த்திருக்காரு. என்னை வெள்ளிக்கிழமையோட நிக்கச் சொல்லிட்டாரு."

"நீ எழுதினதெல்லாம்?"

"டீம் லீட் பேர்ல இருக்கு. என் ஆபீஸ் லேப்டாப் முன்னாடி அவரோடது. அதுல கிட் செட்டிங்ல அவர் பேரு அப்படியே இருந்திருக்கு. நான் மாத்தல."

"மாத்த ஒரே ஒரு கமாண்ட் போதும்டி!"

"தெரியும். சேர்ந்த அன்னைக்கே டெட்லைன். வேலை ஓடுச்சு, பேரை யாரு பார்த்தா?"

"லீடுக்குத் தெரியும்ல? வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"மேனேஜர் பக்கத்துலதான் இருந்தாரு. 'ஹிஸ்டரில இருக்கிறதைத்தானே பார்க்க முடியும்'னாரு. போன மாசம் ப்ரோமோஷன் வாங்கின மனுஷன், வேற என்ன சொல்வாரு?"

தோழி ஒரு கெட்ட வார்த்தையை மெதுவாகச் சொன்னாள். கிரீன்வேஸ் சாலையில் நின்று ரயில் மறுபடி கிளம்பியது.

"உன் பேர்ல ஒண்ணு கூடவா இல்ல?"

"ஒண்ணு இருக்கு. ஜுரம்னு வீட்டுல இருந்தேன். அவசரம்னு லீட் ஒரு ஃபைல் அனுப்பினாரு. என் சொந்த லேப்டாப்லேர்ந்து ஏத்திவிட்டேன்."

"அது போதுமே, காட்ட வேண்டியதுதானே?"

"அவர் எழுதின ஃபைல்டி. அதுலதான் கம்பெனி சைட்டே படுத்துச்சு."