காயாத மஞ்சள்

கம்ப்யூட்டர் கேபினட் எல்லாம் ஏன் கறுப்பாகவே வருகின்றன என்று எனக்கு விளங்கியதே இல்லை, மாமா. கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவன் மேசையில் அப்படி ஒரு துக்கப் பெட்டி இருப்பது சரியில்லை. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி நடுவே நிற்கும் ஜோடிகளின் படங்களைத்தான் நாள் முழுக்கத் திருத்துகிறேன். அந்த மஞ்சளையே பூசலாம் என்று தோன்றியது.

நீங்கள் போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். உங்கள் இளைய மகள், என் மனைவி உமாராணி பெட்டியோடு பாளையங்கோட்டையில் உங்கள் வீட்டுக்கு வந்து நின்றதும், "நடந்ததை ஒரு தாள்ல எழுதிக் குடும், மாப்ளே" என்று போனில் சொன்னீர்கள். மேலகரம் சங்கிலிப்பாண்டியாகிய நான், யாருடைய தூண்டுதலும் இன்றி எழுதுகிறேன்.

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் எங்கள் ஊரில் எல்லார் வீட்டுக்கும் விருந்தாளி வருவார்கள். எங்கள் வீட்டுக்கு உங்கள் மூத்த மகள் ஆனந்தவள்ளி மதினி, சகலை வல்லிநாயகம், பிள்ளைகள் இரண்டு பேர். சென்னையிலிருந்து வந்து பத்து நாள் தங்குவார்கள். கம்ப்யூட்டர் அறைதான் அவர்களுக்கு. ஐந்தருவியில் குளித்த ஈரத் துண்டு என் மானிட்டர் மேல் கிடக்கும். அக்காவும் தங்கையும் அடுக்களையில் பேசிப் பேசிச் சிரிப்பார்கள். உமா வருடத்தில் அந்தப் பத்து நாள்தான் அப்படிச் சிரிப்பாள். அந்தச் சத்தத்தில் எனக்கு வேலை ஓடாது.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் பெயிண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாரூக் நல்ல மனிதர்.

"ஸ்பிரே வாங்குங்க அண்ணாச்சி, அரை மணி நேரத்துல காஞ்சிரும். இந்தச் சாரல்ல எனாமல் அடிச்சா மூணு நாளானாலும் ஒட்டும்."

நான் எனாமல் வாங்கினேன்.

வேலையை முறையாகத்தான் செய்தேன். உள்ளே இருந்ததை எல்லாம் கழற்றிப் பாலிதீனில் சுற்றி வைத்தேன். தகரத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். பூசிய பிறகு ஜன்னலைச் சாத்தினேன், தூசி ஒட்டக்கூடாது அல்லவா. அதே அறையில்தான் நான்கு பேரும் படுக்க வேண்டியிருந்தது. வேறு அறை இல்லை. கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டதால் எனக்கும் வேலை ஓடவில்லை என்பது உண்மை. ஆனால் நிம்மதியாக ஓடவில்லை.

மூன்றாம் நாள் சின்னவன் கையை வைத்துவிட்டு, "சித்தப்பா, இன்னும் பிசுபிசுங்குது" என்று மஞ்சள் உள்ளங்கையைக் காட்டினான். தேய்த்துவிட்டு மறுபடி பூசினேன். நான்காம் நாள் சகலைக்கு மூச்சு இரைத்தது. அவருக்கு வீசிங் உண்டு என்பது தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். போன சீசனில் அவருக்கு இன்ஹேலர் வாங்க மருந்துக்கடைக்கு ஓடியவனே நான்தான்.

"சகல, இது எப்பம் காயும்?" என்றார், பாயில் உட்கார்ந்தபடி.

"சாரல் நிக்கணும், சகல."

சீசன் நேரத்தில் சாரல் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

ஐந்தாம் நாள் கிளம்பிவிட்டார்கள். மதினி துணிகளை ஈரத்தோடேயே பையில் திணித்தாள். வேன் மறையும்வரை உமா வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து தன் துணியையும் எடுத்து வைத்தாள்.

"அக்காவ நான் பாக்கது வருசத்துல பத்து நாளு. அதுல அஞ்சக் கெடுத்துட்டீங்க. பெயிண்டு வாடை போகட்டும், பெறவு வாரேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எனாமல் டப்பாவில் நான்கு கரண்டி விளக்கெண்ணெய் கலந்தேன். மினுமினுப்புக்காக என்று உமாவிடம் சொல்லியிருந்தேன். விளக்கெண்ணெய் சேர்ந்தால் பெயிண்ட் லேசில் காயாது என்பது எனக்கு முன்பே தெரியும். சகலையும் பிள்ளைகளும் இரண்டு நாளில் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். ஐந்து நாள் தாக்குப்பிடித்தது அவர்கள் பிடிவாதம்.

மற்றபடி, உமா இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை, மாமா. சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்காகத்தான் காத்திருக்கிறேன். வீடு இப்போது அமைதியாக இருக்கிறது. வாடை போன மறுநாளே அவளை அனுப்பி வையுங்கள்.

இன்று காலைதான் ஆறாவது தடவை பூசி முடித்தேன்.