இடுப்பால் திறந்த கதவு

ஆவடி பேருந்தில், தையல் கம்பெனியில் வேலை செய்யும் பெண்ணொருத்தி பக்கத்தில் இருந்த தோழியிடம் சொன்னாள்: “எங்க கம்பெனிக்குக் கதவு செலக்ட் பண்ணதே என் இடுப்புதான்.”

“இன்னாக்கா சொல்ற?”

“போன மாசம் கம்பெனிக்குள்ள புகை வந்தப்போ, மாசமா கீற பொண்ணை ரெண்டு கையாலயும் தாங்கிக்கினு வந்தேன். கதவுக் குமிழைத் திருகக் கை இல்ல. நல்லவேளை, யாரோ வெளியருந்து தொறந்தாங்க.”

“அப்புறம்?”

“இன்னிக்கு ரெண்டு புதுக் கதவு மாட்டி, தொறந்து பாருன்னாரு மேனேஜரு. நான் வேணும்னே ரெண்டு கையிலயும் துணிக்கட்டைத் தூக்கிக்கினு போனேன். கைப்பிடி வச்ச கதவு அசையல. இன்னொண்ணுல குறுக்க ஒரு கம்பி, அத்த தள்ளுனாலே தொறக்குமாம். இடுப்பால ஒரே இடி!”

“தொறந்துச்சா?”

“தொறந்துச்சு. வெளிய நின்னுகினு இருந்த மேனேஜரு உழுந்துட்டாரு.”

“ஐயையோ! திட்டினாரா?”

“தரையில உக்காந்துகினே, ‘எல்லா மாடிக்கும் இதையே போடுங்க’ன்னாரு.”