பதினேழு ஒன்றுகளும் ஒரு பொய் இரண்டும்

திரையில் முதலில் என் கண்ணில் பட்டது ஓர் 'இரண்டு'. அதைப் பற்றிச் சொல்லத்தான் நிற்கிறேன். அதற்கு முன், அவைக்குத் தலைமையேற்ற ஐயா அவர்களே, கணினி நிரல்களைச் சோதிக்க வந்த நடுவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, மடியில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்!

போட்டி என்ன? பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண்ணை, நம் நிரல் பகா எண்களாக உடைக்க வேண்டும். பேச்சு முடிவதற்குள் உடைக்க வேண்டும். வென்றால் கணினி அலுவலகத்தில் வேலை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறெந்தக் கதவு திறக்கும்?

சற்று முன் கணினி, 'இரண்டால் வகுபடும்' என்றது. கைதட்டினீர்கள். என் அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். நான் நிறுத்தினேன்.

தலைவர் கேட்டார்: "என்னம்மா, விடை வந்துடுச்சே, எதுக்கு நிறுத்துனே?"

"ஒன்னுல முடியற எண்ணு எப்படிங்கய்யா ரெண்டால வகுபடும்?"

ஒற்றைப்படையை இரட்டைப்படை ஆக்கியது யார்? நான்தான்! அத்தனை நீள எண்ணை முழுதாக வைக்க என் நிரலில் இடம் தரவில்லை. கணினி தோராயமாக்கி, கடைசி ஒன்றை இரண்டாக்கிவிட்டது. ஆகவே இங்கேயே திருத்தினேன். ஒவ்வோர் ஒன்றையும் தனித்தனியே வைத்தேன். இனி பள்ளியில் செய்த நீள் வகுத்தல்தான்: ஓர் இலக்கத்தை இறக்கு, வகு, மீதியை வை, அடுத்ததை இறக்கு. மெதுவாகத்தான் ஓடும்.

யாரது, 'மிஷின் தூங்கிடுச்சா'ன்னு கேக்கறது? தூங்கலண்ணே, ஓடிட்டுதான் இருக்கு! அக்கா, 'நிறுத்தாம பேசு'ன்னு கை காட்டாதே, பேசிட்டேதான இருக்கேன்!

மூன்றா? இல்லை. ஏழா? இல்லை. பதின்மூன்றா? இல்லை. ஆயிரம் தாண்டியும் இல்லை. லட்சம் தாண்டியும் இல்லை. பத்து லட்சம் தாண்டியும் இல்லை, இல்லை, இல்லை! ஆனாலும் சொல்கிறேன், அவசரப்பட்டுச் சொன்ன அந்த ஓர் 'ஆம்' எனக்கு வேண்டாம். இத்தனை 'இல்லை'யும் உண்மை, இதுவே போதும்!

வந்துவிட்டது! இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்து மூன்று! மீதி பூஜ்யம்! ஈவு, ஐந்நூற்று முப்பத்தாறு கோடியைத் தாண்டுகிறது. அதுவும் பகா எண்தான். உள்ளே சின்னக் காரணி ஒளிந்திருந்தால் வழியிலேயே சிக்கியிருக்கும்.

இருங்க, இருங்க, இப்போ கை தட்டாதீங்க. அக்கா, நீயும் உட்காரு.

என் தடுமாற்றத்தைப் பொறுத்த அவைக்கு நன்றி, வணக்கம். தலைவர் ஐயா, அந்தச் சுண்ணக்கட்டியை இப்படிக் கொடுங்கள். இந்த இரண்டு எண்களையும் கையால் பெருக்கிப் பார்த்துவிடுகிறேன்.