சொடக்குத் தக்காளி முளைத்த இடம்

— சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். இந்தச் சொடக்குத் தக்காளி தானா மொளைக்கல. உங்கம்மாதான் உள்ள இருந்து மொளைக்க வச்சிருக்கா.

— அப்பா, அம்மா சமாதி மேல களை மண்டிக் கெடக்கு. கொத்தனார் கல்லோட வந்துட்டிருக்காரு. தள்ளுங்க, பிடுங்கிடறேன்.

— பிடுங்குவியா? நேத்து ஒரு ஆடு வந்துச்சு. மோந்து பாத்துச்சு. உங்கம்மான்னு தெரிஞ்சதும் திரும்பாம பின்பக்கமாவே நடந்து, மரியாதையா வேற சமாதிக்கு மேயப் போயிடுச்சு.

— வெளையாடாதீங்கப்பா. சாவுக்குத்தான் வந்து சேர முடியல, மொகத்தக்கூடப் பாக்கல. ஒரு கல்லாவது என் கையால வச்சிட்டுப் போறேனே.

— வை, யாரு வேணாங்கறா? மொதல்ல இந்தப் பூவப் பாரு. மஞ்சளா, நடுவுல பழுப்பாப் பொட்டு வச்சுக்கிட்டு, தலையத் தொங்கப் போட்டு நிக்குது.

— பாத்தாச்சு.

— கத்திரியும் இதுக்குச் சொந்தந்தான். அதுல பூவத் தாங்கின பச்சைக் கிண்ணம் காய்க்குத் தொப்பியா உக்காந்துக்கும். இதுல அந்தக் கிண்ணமே ஊதிப் பெருத்து, காயச் சுத்திப் பையா மூடிக்கும். உள்ள காயா பழமா, வெளிய ஒண்ணும் தெரியாது.

— அதுக்கென்ன இப்ப?

— உங்கம்மா வலிய அப்படித்தான் மூடி வச்சிருந்தா. பக்கத்துல படுத்த எனக்கே தெரியல. போன்ல பேசின உனக்கு எப்படிம்மா தெரியும்?

— நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னாப்பா. நானும் நம்பி, சரி வைக்கறேன்னுட்டேன். அதான் தூக்கமே வரமாட்டேங்குது.

— அழாத. இந்தா, கீழ விழுந்தது. பை காஞ்சு வைக்கோல் நெறமாயிடுச்சு பாரு. செடியில பச்சையா இருக்கறதத் தின்னா வயித்தப் பொரட்டும். பழுத்தா அதுவே பையோட விழும். பிரிச்சுத் தின்னு.

— புளிக்குது... இல்ல, இனிக்குதுப்பா.

— ஒனக்குன்னே விட்டிருக்கா. காலையில நான் எடுக்கக் குனிஞ்சேன். பக்கத்துப் பை சொடக்குன்னு வெடிச்சுது. கையில அடிச்ச மாதிரி இருந்துச்சு.

— அம்மாவேதான். போங்கப்பா... சரி, கல்லு வேணாம். இது இருக்கட்டும்.

— தங்கச்சி, கல்ல எறக்கியாச்சு, சிமெண்டும் கொழைச்சாச்சு. நீங்க ரெண்டு பேரும் எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கீங்க? உங்கம்மாவ அடக்கம் பண்ணது அந்தச் சுவரோரமா. இது ஐயா தனக்குன்னு சொல்லி வச்ச எடம். இங்க இன்னும் யாரும் இல்ல.