மரம் சாய்ந்த திசை

தூங்குமூஞ்சி மரம் மாலை ஆறு மணி வாக்கில் இலைகளை மூடிக்கொள்ளும், ஐயா. இது எல்லாருக்கும் தெரியும். அது இலையை மூடினால்தான் எங்கள் கடையில் நெட்வொர்க் ஓடும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று.

கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் சாலையின் ஒரு பக்கம் முதலாளியின் உரக்கடை, எதிர்ப்பக்கம் குடோன். இரண்டு பக்கத்துக் கம்ப்யூட்டரையும் இணைக்க முதலில் கேபிள்தான் இழுத்திருந்தேன். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் இரண்டு முறை அதை அறுத்துக்கொண்டு போயின. சுமை அவ்வளவு உயரம். அதனால் இரண்டு மாடியிலும் குழாய் நட்டு, ஒன்றையொன்று பார்க்கும்படி ஆன்டெனா வைத்தேன். அப்போது மாசி. கடையோரத்து மரம் மொட்டையாக நின்றது. தழைத்த பிறகு பகலில் லைன் விட்டுவிட்டு வந்தது.

இலையில் இருப்பது தண்ணீர். ரேடியோ அலையைத் தண்ணீர் குடித்துவிடும். அலை நூல் பிடித்த மாதிரியும் போகாது. நடுவில் பருத்த வெள்ளரிக்காய் போல விரிந்து போகும். அந்த வெள்ளரிக்காய்க்குள் எதுவும் குறுக்கே வரக் கூடாது. இது புரிந்தால்தான் மற்றது புரியும்.

மரத்தடியில் சின்னக்கண்ணு இஸ்திரி வண்டி வைத்திருந்தார். இலையில் இருக்கும் தண்ணீரால் லைன் போகிறது, கிளையைக் கழிக்கலாமா என்று கேட்டேன்.

"இன்னா சார், ஒங் கம்பியூட்டருக்கு வேர்க்குதா? காலைலேர்ந்து கரிப்பொட்டியோட நிக்கிறேன். இந்த நெழலும் பூட்டா நான் வெந்துடுவேன்" என்று சிரித்தார்.

டீக்கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு 'வேர்வை சார்' என்று பெயர். அதில் எனக்குக் கோபம் இல்லை. விஞ்ஞானம் தெரியாதவர்கள். மறுபடி கேட்டபோது அவர் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்து, மரத்தைத் தொடக் கூடாதென்று உத்தரவே வாங்கிவிட்டார்.

ஊரடங்கு தளர்ந்த அந்த மார்கழியில் இட ஒதுக்கீட்டுக்காக மறியல் நடந்தது. மரம் வெட்டக் கூடாதென்று மறியல் நடத்திய சங்கத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களில் பகலவன் எனக்குப் பழக்கம். அவனிடம் நான்தான் சொன்னேன்: "உங்கப்பா காலத்துல மரத்த வெட்டிப் போட்டாங்க, ரோடே நின்னுச்சி. நீங்க கொடிய புடிச்சிக்கினு போட்டோ எடுத்துக்கினு கீறீங்க."

"மெஷினுக்கு எங்க போறது?" என்றான்.

மரம் அறுக்கும் மெஷின் எங்கள் குடோனில் இருந்தது.

மரம் அறுப்பதில் ஒரு முறை உண்டு. எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் முதலில் வாய் போல வெட்ட வேண்டும். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுக்க வேண்டும். பகலவன் சாலைக்கு நேராகச் சாய்க்கச் சொன்னான். அப்படிச் சாய்ந்தால் உச்சி குடோன் குழாயில் படும். அதனால் வாயை வண்டிப் பக்கம் திருப்பினேன். பாதி மரம் சாலையில் கிடக்கும். மறியலுக்கு அது போதும்.

சத்தம் கேட்டுச் சின்னக்கண்ணு டீக்கடையிலிருந்து ஓடி வந்தார். சக்கரத்துக்கு அண்டக்கொடுத்து இறுகிப்போயிருந்த கல்லைப் பெயர்க்கக் குனிந்தார். "சார், ஒரு நிமிசம் இரு. ஊர்க்காரங்க துணி கீது சார்."

அறுப்பைப் பாதியில் நிறுத்தினால் மரம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. அவர் வண்டியோடு மரத்துக்கு அடியில் போனார், உயிர் அங்கேயே போய்விட்டது.

பகலவனைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். அவன் மனைவி சுபஸ்ரீ என்னிடம் வந்தாள். "அவரு மெஷின தொட்டதே இல்ல. ஒனக்குத் தெரியாதா சார்?" நான் குடோனுக்குள் இருந்தேன் என்று சொல்லி அனுப்பினேன்.

இன்று வந்தது அவளுக்காக அல்ல. உங்கள் அறிக்கையை அவள்தான் காட்டினாள். 'அனுபவமில்லாதவர்கள் வெட்டியதால் மரம் எதிர்பாராத திசையில் சாய்ந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு, ஐயா. நான் குறித்த இடத்தில், ஒரு முழம்கூட விலகாமல் விழுந்தது.

எழுதும்போது இன்னொன்றையும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். பாதியில் நிறுத்த முடியாது என்றேன். முறை அதுதான். ஆனால் சின்னக்கண்ணு குனிந்தபோது நான் வாய் மட்டும்தான் வெட்டி முடித்திருந்தேன். அவர் குனிந்ததைப் பார்த்த பிறகுதான் எதிர்ப்பக்கம் போய் அறுக்கத் தொடங்கினேன்.